வானம் ஏற்கெனவே செய்து பார்த்த சோதனை

(கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஓர் இயற்பியல் ஆசிரியர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

2008 செப்டம்பர் 9. சாயங்காலம் பள்ளி விட்டு வண்டியை எடுக்கப் போனேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்து நின்றார். மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறவர். "சார், நாளைக்கு எங்கியோ மெஷினு போடறாங்களாம், பூமியே அதுக்குள்ள போயிடுமாம். டிவியில சொல்றாங்க. புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேணாமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது. அதே நாட்களில் மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி, இந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று பத்திரிகைகளில் வந்தது. பயந்தவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், படித்துவிட்டு வந்த ஆசிரியர்கள். அன்று அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

ஜெனீவா நகரத்துக்கு அருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேரும் எல்லையில், தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில் ஒரு வட்டச் சுரங்கம் இருக்கிறது. சுற்றளவு 27 கிலோமீட்டர். அதில், அணுவின் கருவில் இருக்கிற புரோட்டான் என்ற நுண்துகள்களை இரண்டு எதிரெதிர்த் திசைகளில் ஓடவிட்டு நேருக்கு நேர் மோத வைக்கிறார்கள். செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி அதுதான். அந்த மோதலில் ஒரு கருந்துளை பிறந்து பூமியை விழுங்கிவிடும் என்பதுதான் அன்றைய பயம். எல்லாரும் பயந்த அந்த செப்டம்பர் 10 அன்று அங்கே மோதலே நடக்கவில்லை. புரோட்டான் கற்றையைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவே. ஒன்பதாவது நாள் காந்தங்களுக்கு இடையே இருந்த ஒரு மின் இணைப்பு பழுதாகி, ஹீலியம் டன் கணக்கில் கசிந்து, இயந்திரம் ஓராண்டுக்கு மேல் நின்றது. அங்கே வரக்கூடிய ஆபத்து அந்த மாதிரிதான்: இயந்திரத்துக்கு வருகிற ஆபத்து.

சரி, கருந்துளைக்கு வருவோம். ஒளிகூடத் தப்பி வெளியே வர முடியாத அளவுக்கு எடை நெருங்கி அடைந்து கிடப்பதுதான் கருந்துளை. அது கண்டதையெல்லாம் உறிஞ்சுகிற பூதம் என்று நினைக்கிறோம். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையில் ஒரு கருந்துளையை அந்த இடத்தில் வைத்தாலும், பூமி இப்போது சுற்றுகிற அதே பாதையில்தான் சுற்றும். வெளிச்சம் போகும், குளிரில் விறைத்துப்போவோம். உள்ளே இழுக்கப்பட மாட்டோம். ஈர்ப்பு எடையைப் பொறுத்தது. இந்த முழுப் பூமியையும் கருந்துளையாக்க வேண்டுமானால், 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கோலிக்குண்டுக்குள் அழுத்தி அடைக்க வேண்டும். மோதுவியில் மோதுகிற ஒரு புரோட்டானின் ஆற்றலோ, பறக்கிற ஏழெட்டுக் கொசுக்களின் இயக்க ஆற்றல் அளவுதான். நீளம், அகலம், உயரம் போக இன்னும் கூடுதல் பரிமாணங்கள் இருந்தால் அந்த ஆற்றலிலும் மிக நுண்ணிய கருந்துளை பிறக்கலாம் என்று சில கோட்பாடுகள் சொன்னது உண்மை. விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை, தேடிப் பார்த்தார்கள். 2010 இறுதியில், அந்த மோதல்களை ஆராய்கிற சி.எம்.எஸ். என்ற செர்ன் குழு தன் முதல் முடிவை வெளியிட்டது. அப்படி எதுவும் அகப்படவில்லை.

"பிறந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். சிறிய கருந்துளை கதிர்வீசிக் கரைந்துவிடும் என்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் நான் அதை மட்டும் நம்பி உங்களைத் தூங்கப் போகச் சொல்ல மாட்டேன். என் சாட்சி வானம்.

விண்வெளியிலிருந்து புரோட்டான்கள் இரவும் பகலும் நம் காற்றுமண்டலத்தில் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். 1991-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், செர்ன் புரோட்டானைப் போல நான்கு கோடி மடங்குக்கும் மேல். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் கழிக்க வேண்டும். ஓசூர் ரோட்டில் நின்றிருக்கிற லாரியில் மோதுவதும், எதிரே வருகிற லாரியில் மோதுவதும் ஒன்றல்லவே. காற்றில் உள்ள அணு நின்றிருக்கிற லாரி. அதைக் கழித்த பிறகும் அந்த ஒரு மோதல் செர்ன் மோதலைவிடச் சுமார் ஐம்பது மடங்கு வலியது. பூமி பிறந்ததிலிருந்து செர்ன் சோதனையைப் போல ஏறக்குறைய பத்து லட்சம் சோதனைகளுக்குச் சமமான மோதல்களை வானம் இங்கே நடத்தி முடித்துவிட்டது. நம் மல்லசந்திரத்தில் இருக்கிற பழங்காலக் கல்திட்டைகளின் மேலும் அது விழுந்தது. இதோ இந்தக் கூரை மேலும் விழுந்துகொண்டிருக்கிறது.

இதற்கும் ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. வானத்து மோதலில் பிறக்கிற கருந்துளை வேகமாகப் பூமியைத் துளைத்து வெளியே போய்விடும். மோதுவியில் நேருக்கு நேர் மோதிப் பிறப்பது மெதுவாக இங்கேயே தங்கிவிடலாமே? நியாயமான கேள்வி. 2008-இல் கிடிங்ஸ், மங்கானோ என்ற இயற்பியலாளர் இருவர் இதற்குப் பதில் தேடி, வெண்குள்ள விண்மீன்களையும் நியூட்ரான் விண்மீன்களையும் பார்த்தார்கள். அவை மகா அடர்த்தியானவை. வேகமாக வருகிற நுண்கருந்துளையையும் பிடித்து நிறுத்திவிடும். பயப்படுகிற மாதிரி நடக்குமானால் முதலில் அவைதான் அழிந்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை நின்று ஒளிர்கின்றன. வெண்குள்ள விண்மீன் எவ்வளவு எடை தாங்கும் என்று 1930-இல் இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் இயற்பியலாளர் சந்திரசேகர். இதைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

இன்னொன்று, நம் மாவட்டத்துச் சங்கதி. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! அந்த ஆண்டு எப்படித் தெரிந்தது? காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது தெறிக்கிற நியூட்ரான், நைட்ரஜனைக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனாக மாற்றுகிறது. செடியும் மரமும் அதை உள்ளே வாங்குகின்றன. மரம் செத்த பிறகு அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரும்போடு மண்ணில் கிடைத்த கரியில் அது மிச்சம் எவ்வளவு என்று எண்ணுவதற்கு, அந்தக் கரி மாதிரியை, துகள்களை வேகமெடுத்து ஓடவைக்கிற ஒரு துகள் முடுக்கிக்குள் செலுத்துகிறார்கள். வானத்து மோதல் போட்ட கணக்கை, செர்னில் இருப்பதன் சின்னத் தம்பியான ஓர் இயந்திரம் படித்துச் சொன்னது. நம் முன்னோர் இரும்பு உருக்கிய காலம் நமக்குத் தெரிந்தது அப்படித்தான், அம்மா. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கிற இயந்திரமும் முடுக்கிதான். அன்று நீங்கள் செய்தி பார்த்த பழைய பெட்டி டிவியின் பிக்சர் டியூபுக்குள்ளும் எலக்ட்ரான்களை முடுக்கித்தான் திரையில் அடித்தார்கள்.

பேசியது போதும். மேடைக்கு இடது பக்கம் மேசைமேல் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அடியில் உலர்பனிக்கட்டி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மேலே ஸ்பிரிட்டில் நனைத்த துணி. அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடிக்கப்போகிறோம். கொஞ்ச நேரம் கண்ணெடுக்காமல் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் தோன்றித் தோன்றி மறையும். அந்தக் கோடுகளில் பல, வானத்திலிருந்து கூரையைத் துளைத்து இப்போதுதான் வந்த துகள்களின் தடங்கள். உங்கள் உள்ளங்கை வழியாகவும் நொடிக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் முதலில் வாருங்கள். உலர்பனிக்கட்டியை யாரும் கையால் தொடாதீர்கள், கொப்பளித்துவிடும். அம்மாக்கள் பின்னாலேயே வாருங்கள், எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.