ஆட்டோவாக்யூமை நிறுத்தாதீர்கள், இன்னும் அடிக்கடி ஓட விடுங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பக்கம் போகலாம்.

"டேட்டாபேஸ் ஸ்லோவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னதும் இரண்டு வைத்தியம் கையோடு வரும். ஒன்று, இண்டெக்ஸ் போடு. இன்னொன்று, பெரிய சர்வர் வாங்கு. சில நேரம் இரண்டுமே சரிதான். ஆனால் அப்டேட்டும் டெலிட்டும் நிறைய ஓடுகிற சிஸ்டம் என்றால் நான் முதலில் பார்ப்பது வேறு: டேபிளில் செத்த ரோக்கள், அதாவது இனி யாருக்கும் தேவைப்படாத பழைய வரிசைகள், எத்தனை கிடக்கின்றன?

போஸ்ட்கிரெஸில் ஒரு ரோவை அப்டேட் செய்தால் பழைய ரோவின் மேலேயே எழுதாது. புதிதாக இன்னொரு ரோ எழுதிவிட்டு, பழையதை அப்படியே விட்டுவைக்கும். அந்த நேரத்தில் வேறு யாராவது பழைய மதிப்பைப் படித்துக்கொண்டிருக்கலாம் இல்லையா, அவர்களுக்காக. ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியும் பழைய பதிப்பை அண்டூ என்று தனி இடத்தில் வைக்கும். இங்கே எல்லாம் ஒரே டேபிளுக்குள். அந்தக் குப்பையை அப்புறப்படுத்துவதுதான் வாக்யூம் வேலை. அதை போஸ்ட்கிரெஸ் தானாகவே ஓட்டுவதுதான் ஆட்டோவாக்யூம்.

சொன்னால் நம்ப வேண்டாம், திரையைப் பாருங்கள். ஒரே ஒரு இன்டிஜர் காலம் (column) வைத்து ஒரு டேபிள், அதில் 10 லட்சம் ரோ. சோதனைக்காக இந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவாக்யூமை ஆஃப் செய்திருக்கிறேன். டேபிள் அளவைச் சொல்லும் பிஜி ரிலேஷன் சைஸ் கேட்டால் 35 எம்பி. இப்போது எல்லா ரோவையும் ஒரு தடவை அப்டேட் செய்கிறேன். சைஸ்? 69 எம்பி. ரோ எண்ணிக்கை அதே 10 லட்சம்தான். ரோக்களை எண்ணும் கவுன்ட் ஸ்டார் போட்டால் இனி இரண்டு மடங்கு பக்கங்களைப் புரட்டியாக வேண்டும்.

சரி, வாக்யூம் ஓட்டுகிறேன். முடிந்தது. சைஸ் எவ்வளவு? இன்னமும் 69தான். இங்கேதான் பலர் "வாக்யூம் வேலையே செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், வீடு இடியவில்லை, அவ்வளவுதான். மறுபடி எல்லா ரோவையும் அப்டேட் செய்கிறேன், பாருங்கள், 69ஐ ஒட்டியே நிற்கிறது. காலியான இடத்தில் புது ரோக்கள் குடிவந்துவிட்டன. வாக்யூமிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: டேபிள் சுருங்க வேண்டாம், மேற்கொண்டு வீங்காமல் இருந்தால் போதும்.

சுருங்கியே ஆக வேண்டுமென்றால் வாக்யூம் ஃபுல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷனில் அதைக் கை தவறியும் போடாதீர்கள். டேபிளை முழுதாகப் பூட்டிவிடும், ஒரு செலக்ட் கூட நுழையாது. புதுப் பிரதி எழுத டிஸ்கில் இடமும் வேண்டும். பிஜி ரீபேக் என்ற எக்ஸ்டென்ஷன் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் கொஞ்ச நேரம் பூட்டும், அது தேவலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆட்டோவாக்யூம் எப்போது ஒரு டேபிளைத் தொடும்? டீஃபால்டில் 50 ரோ, கூடவே டேபிளில் 20 சதவீதம். ஆயிரம் ரோ டேபிளுக்கு 250 செத்ததும் வந்துவிடும், அருமை. 10 கோடி ரோ டேபிளுக்கு? 2 கோடி ரோ சாகும் வரை எட்டிக்கூடப் பார்க்காது. கடைசியில் வரும்போது மலையளவு வேலை, மணிக்கணக்கில் ஓடும், டிஸ்க் திணறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "இந்த ஆட்டோவாக்யூம்தான் வில்லன், ஆஃப் பண்ணு" என்கிறார்கள். ஆஃப் செய்தால் அடுத்த மாதம் இன்னும் பெரிய மலை.

நான் செய்வது நேர்மாறு. பெரிய டேபிளுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் வழியாக ஆட்டோவாக்யூம் வாக்யூம் ஸ்கேல் ஃபேக்டரை (அந்த 20 சதவீதத்தை வைக்கிற செட்டிங்) 0.01 என்று வைப்பேன். 10 கோடிக்கு 10 லட்சம் செத்ததும் வரும், சின்ன வேலை, சட்டென்று முடியும். பதிப்பு 18இல் இதற்கு ஒரு மேல்வரம்பே கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதன் டீஃபால்ட் 10 கோடி செத்த ரோ. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, நாமே வைத்துக்கொள்வதுதான்.

வேகமும் கவனிக்க வேண்டியதுதான். வாக்யூம் கொஞ்சம் வேலை செய்யும், கொஞ்சம் தூங்கும். பதிப்பு 12க்கு முன்னால் 20 மில்லிசெகண்ட் தூக்கம், இப்போது 2. தூங்கும் முன் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதுதான் காஸ்ட் லிமிட், அது 200. இதில் ஒரு பொறி உண்டு: ஒர்க்கர்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டோவாக்யூம் புராசஸ்களை, 3இலிருந்து 6 ஆக்கினால் இரட்டை வேகம் என்று நினைப்போம். இல்லை. அந்த 200ஐ ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். லிமிட்டையும் சேர்த்து ஏற்றினால்தான் பலன்.

இத்தனையும் செய்தும் செத்த ரோ குறையவில்லை என்றால்? இதற்கு இன்னொரு விண்டோ திறக்கிறேன். பிகின் போட்டு ஒரு டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்து, முற்றிலும் வேறொரு டேபிளில் ஒரு இன்சர்ட். கமிட் செய்து முடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் அப்டேட், பிறகு வாக்யூம் வெர்போஸ். படியுங்கள்: 10 லட்சம் ரோ செத்துவிட்டது, ஆனால் இன்னும் அகற்ற முடியாது என்கிறது. அந்த டேபிளைத் தொடாத ஒரு டிரான்சாக்‌ஷன், கமிட் ஆகாமல் கிடப்பதால் மட்டுமே, இங்கே கையைக் கட்டிவிட்டது. (ரீட் கமிட்டட் என்ற டீஃபால்ட் நிலையில் வெறும் செலக்ட் போட்டுவிட்டு நின்றால் இப்படி ஆகாது. எழுதியிருக்க வேண்டும், அல்லது ஆரம்பத்தில் பார்த்ததையே கடைசி வரை காட்டும் ரிபீட்டபிள் ரீடில் படித்திருக்க வேண்டும்.)

நிஜத்தில் இது எப்படி வரும்? அப்ளிகேஷன் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு, நடுவில் ஏதோ ஒரு ஏபிஐயைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். இல்லையென்றால் யாரோ லேப்டாப்பில் குவெரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் ஸ்டேட் காலத்தில் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்று இருப்பவர்களை தொடங்கிய நேரத்தைச் சொல்லும் எக்ஸ்ஆக்ட் ஸ்டார்ட்டை வைத்து வரிசைப்படுத்துங்கள், ஆள் அகப்பட்டுவிடுவார். ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்று ஒரு செட்டிங் 9.6இலிருந்தே இருக்கிறது, டீஃபால்டில் ஆஃப். நான் சில நிமிடங்கள் வைத்துவிடுவேன். அங்கேயும் ஆள் இல்லையென்றால், யாருக்கும் வேண்டாமல் விட்டுப்போன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (பிரதி சர்வருக்காக வைத்த இடக்குறி), கமிட்டுக்குத் தயாராகிப் பாதியில் நிற்கும் பிரிபேர்டு டிரான்சாக்‌ஷன், இரண்டையும் தேடுங்கள்.

இதெல்லாம் வேகப் பிரச்சினை மட்டுமல்ல. டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட், ஒரு எண்ணிலிருந்து பின்னோக்கிப் பார்க்க முடிவது ஏறக்குறைய 210 கோடிதான். பழைய ரோக்களை வாக்யூம் ஃப்ரீஸ் செய்யாவிட்டால் (இனி எண் பார்க்க வேண்டாம் என்று குறிக்காவிட்டால்) எண் தீர்ந்துகொண்டே வரும். பழைய ரோவுக்கு 20 கோடி வயதானதும் (அதற்குப் பின் அத்தனை எண்கள் கடந்ததும்), நீங்கள் ஆட்டோவாக்யூமை ஆஃப் செய்திருந்தாலும், அது தானாகக் கிளம்பிவிடும். அதுவும் முடிக்க முடியாமல் போனால் டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். 2015 ஜூலையில் சென்ட்ரிக்கு இது நடந்தது. 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மேண்ட்ரிலுக்கும் இதே கதை. இரண்டும் விவரம் தெரிந்தவர்கள் நடத்துகிற சேவைகள்தான்.

உங்கள் சர்வரில் இப்போதே ஒன்று ஓட்டிப் பாருங்கள்: பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ், அதில் என் டெட் டப், லாஸ்ட் ஆட்டோவாக்யூம் இரண்டு காலமும், செத்த ரோ அதிகமுள்ளது மேலே வருகிற மாதிரி. அப்புறம் பிஜி டேட்டாபேஸில் டேட் ஃப்ரோசன் எக்ஸ்ஐடியின் ஏஜ், அதாவது மேலே சொன்ன அந்த வயது. அந்த எண் 20 கோடியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதென்றால் இந்த வீடியோவை மூடிவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். அடுத்த வாரம் ஹாட் அப்டேட், ஃபில்ஃபேக்டர் இரண்டையும் இதே டேபிளை வைத்துப் பார்ப்போம்.