கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்
(நாகப்பட்டினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கப்பல் வேலைக்குக் காத்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

நாகப்பட்டினத்தில் துறைமுகம் என்று பேச்செடுத்தால் சோழர் காலம் வரும், பினாங்குக்குப் போன ரஜுலா கப்பல் வரும். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்ற கதையும் வரும். காரைக்காலில் 2009 முதல் தனியார் துறைமுகம் இயங்குகிறது. நிலக்கரித் தூசு பற்றி நாகூர் வரை புகார் உண்டு. எல்லாமே பேச வேண்டியவைதான், பேச ஆளும் இருக்கிறார்கள். கப்பலில் ஏறும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

ஏஜெண்ட் வருகிறார். "பணத்தைக் கட்டுங்க, அடுத்த மாசமே ஜாயினிங்" என்கிறார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது, அரை மா நிலம் ஒத்திக்குப் போகிறது. பையன் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலேறுகிறான். முதல் மாதம் சம்பளம் வருகிறது. பிறகு வருவதில்லை.

முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கப்பலில் பனாமா கொடியோ லைபீரியா கொடியோ பறக்கும். கடன் முற்றினால் முதலாளி போனை எடுக்கமாட்டார். டீசல் தீர்ந்தால் ஜெனரேட்டர் நிற்கும். அது நின்றால் ஃப்ரிட்ஜில் உள்ள கறியும் மீனும் கெடும், விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. வெயிலில் கொதிக்கும் இரும்புக்குள் தூங்க முடியாமல் பிள்ளைகள் மேல்தளத்தில் பாய் விரிக்கிறார்கள். இறங்கி வந்துவிடலாமே என்பீர்கள். ஆளில்லாக் கப்பல் மற்ற கப்பல்களுக்கு ஆபத்து. மாற்று ஆள் வராமல் இறங்கத் துறைமுகம் எளிதில் சம்மதிக்காது. 2020-இல் கொரோனா நேரத்தில் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இப்படித்தான் கடலிலேயே கிடந்தார்கள்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-இல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. பாஸ்போர்ட், சிடிசி எனும் மாலுமிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்று, இவற்றின் செலவை மட்டும்தான் நம் தலையில் வைக்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே மாலுமி கைவிடப்பட்டவர் என்றுதான் கணக்கு. 2017 முதல் இதற்குக் காப்பீடு கட்டாயம்: நான்கு மாதம் வரையான சம்பள பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் கிடைக்கும். அந்தச் சான்று கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தம்பிகளே, ஏறிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தாய்மார்களே, சம்பளம் நின்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி வைக்காதீர்கள். நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்தால், அதற்கு மேற்பட்ட மாதங்களின் சம்பளத்தைக் காப்பீடு தராது.

ஏஜெண்டுக்கு ஆர்பிஎஸ்எல், அதாவது கப்பலுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் உரிமம் வேண்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ஒப்பந்தத் தாளைக் கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், இங்கேயே பார்த்துவிடுவோம்.