வாங்கும்வரைதான் புல்லட்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், கடைசியில் பைக்கை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். விழாக் கமிட்டிக்கு நன்றியைக் கவர் வாங்கிய பிறகு சொல்கிறேன். அப்போதுதான் அது மனசார வரும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஏங்கி ஏங்கி வாங்கும் பெரிய பிராண்டுப் பொருளில் சந்தோஷம் இருப்பது வாங்குவதற்கு முன்பா, வாங்கிய பின்பா? எங்கள் அணி ‘முன்பே’.

எதிரணி அண்ணன் இப்போதுதான் பேசி முடித்தார். நல்ல பேச்சு. ஆனால் போகிற போக்கில் என் கையைக் காட்டி ஒரு குத்து குத்தினார், கேட்டீர்களா? “ஒரு வாட்ச் கட்ட வக்கில்லாதவங்கதான் ஏங்குறதுல சுகம் இருக்குன்னு பேசுவாங்க. எட்டாத பழம் புளிக்கும்னு நரி சொல்லுச்சே, அந்தக் கதை.” நீங்களும் கை தட்டினீர்கள். பச்சைப் புடவை கட்டிய அக்கா கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். பரவாயில்லை அக்கா, எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் நரி கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நரி என்ன சொன்னது? பழம் புளிக்கும் என்றது. நான் எப்போது அண்ணே புளிக்கும் என்றேன்? இனிக்கும் என்றுதானே எங்கள் அணி தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறது! பறிப்பதற்கு முன்னால்தான் ரொம்ப இனிக்கும் என்கிறோம். பறித்துத் தின்றுவிட்டு, விதை பல்லில் மாட்டுகிறது, தோல் துவர்க்கிறது என்று மூக்கைச் சிந்துகிறவர்கள் உங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்து வாட்ச். அண்ணன் கட்டியிருப்பது ஸ்விட்சர்லாந்து வாட்ச். ஆறு வருஷம் ஆசைப்பட்டு, வாங்கி ஒரு மாதம் ஆகிறது என்று அவரே சொன்னார். பேசும்போது சட்டைக் கையை எத்தனை தடவை மேலே ஏற்றிவிட்டார், பார்த்தீர்களா? அவ்வளவு புழுக்கம் இங்கே இல்லையே! சரி, அது ஸ்பிரிங்கில் ஓடுகிற வாட்ச். அந்த வகை வாட்சுக்கு அங்கே சான்றிதழ் கொடுக்கும் அமைப்பே ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம், குற்றமில்லை. நம் ஓசூரில் டைட்டன் இருக்கிறதே, 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது, அங்கே செய்கிற சாதாரண பேட்டரி வாட்ச் இதைவிடச் சரியாக மணி காட்டும். விலையில் இரண்டு சைபர் வித்தியாசம், அவ்வளவுதான். அண்ணன் இன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு வாட்சைக் குறை சொல்ல மாட்டேன். விநாடிக் கணக்கு அவ்வளவு தூரம் வராது.

ஆனால் நடுவர் முதல் மணி அடித்தபோது அண்ணன் செய்ததை நீங்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்! ஆறு வருஷம் ஏங்கி வாங்கிய வாட்ச் கையில் மினுங்குகிறது. மணி பார்ப்பதற்கு செல்போன். ஏங்கிய காலத்தில் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு அந்த வாட்சையே பார்த்த மனுஷன், வாங்கி ஒரே மாதத்தில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார். இப்போது அதை நாம்தான் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் சட்டைக் கை மேலே ஏறுகிறது.

பச்சைப் புடவை அக்கா சிரித்துவிட்டார். என் வாதம் இத்தோடு முடிந்தது, உட்காரலாம். ஆனால் என் மாமா கதையைச் சொல்லாமல் உட்கார முடியாது.

என் தாய்மாமனுக்கு புல்லட் ஆசை. தம்பிகளே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற செல்ஃப் ஸ்டார்ட் புல்லட் இல்லை. அந்தக் காலத்து புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும், இன்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு இம்மி இறக்கி, விட்டுவிட்டு, அப்புறம் ஒரே உதை. முள் சரியாக நிற்காமல் உதைத்தால் வண்டி நம்மைத் திருப்பி உதைக்கும். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்ததும், திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்ததும், இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போன பிறகும் நம் ஊரில் புல்லட் நிற்காமல் வந்துகொண்டே இருந்ததும் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். இத்தனையும் சொல்லும்போது மாமாவிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய்விடுவார். வாங்க இல்லை, பார்க்க. முதலில் கடைக்காரர் முறைத்தார். அப்புறம் பழகிவிட்டது, டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் விற்பனையாளர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பெரிய மிராசுதார் உள்ளே வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற மாமாவைக் கடை ஆள் என்று நினைத்து, “வண்டி எப்படிப்பா?” என்று கேட்டார். கேட்டாரே ஒரு கேள்வி! மாமா ஆம்பியர் மீட்டரில் ஆரம்பித்தார். டீகம்ப்ரஸருக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே ‘டப்... டப்... டப்’ என்று ஓட்டிக் காட்டினார். மிராசுதார் அங்கேயே மடியை அவிழ்த்து முன்பணம் எண்ணி வைத்துவிட்டார்.

கடைசித் தம்பிகளுக்குக் கேட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேன். சைக்கிளில் வந்த மாமா புல்லட் விற்றுக் கொடுத்தார்! அடுத்த மாதம் இன்னொன்று விற்றார். கடைக்காரர் கூப்பிட்டு, “நீங்க சொசைட்டி வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடுங்களேன்” என்றார். மாமா என்ன சொன்னார் தெரியுமா? “வேண்டாங்க. சம்பளத்துக்குப் பார்த்தா ஆசை போயிடும்.”

அப்பேர்ப்பட்ட மாமா ஒருநாள் லோன் போட்டு வண்டி எடுத்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம், டேங்கில் சந்தனம், குங்குமம். அன்று ராத்திரி ஆரம்பித்தது வினை. நாய் சீட்டில் ஏறுமோ, பையன்கள் கீறிவிடுவார்களோ என்று தூக்கம் போச்சு. வண்டிக்கு ஒரு தார்ப்பாய். தார்ப்பாய் உரசி பெயிண்ட் போய்விடுமே என்று அதற்கு உள்ளே அத்தையின் நூல் புடவை. மழைக்காலம் வந்தது. புல்லட் கூடத்துக்கு வந்தது, அத்தையின் கட்டில் திண்ணைக்குப் போனது! சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமா டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். “எங்க மாப்ள புல்லட்டு?” என்று கேட்டால், “அங்க நிழல்ல நிறுத்த இடம் இருக்குமோ என்னமோ, அதான் வீட்டுல விட்டுட்டு வந்தேன்.”

நடுவர் ஐயா, இதையும் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மாமா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். அத்தை, “எங்க கிளம்பிட்டீங்க?” என்றார். “ஷோரூம்ல புதுக் கலர் வந்திருக்காம், பார்த்துட்டு வந்துடுறேன்.” பஸ்ஸில்தான் போனார்!

ஏங்க வைக்கிற இந்த வித்தையை வெளிநாட்டுக் கம்பெனி நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. பிரான்சில் ஹெர்மெஸ் என்று ஒரு கம்பெனி, பிர்கின் என்று ஒரு கைப்பை. பணத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் கேட்ட உடனே கொடுக்க மாட்டான். காத்திரு என்பான். ஜேன் பிர்கின் என்ற நடிகைக்காக முதன்முதலில் செய்த பை 2025-இல் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அவர் வருஷக்கணக்கில் தூக்கித் திரிந்து, கீறல் விழுந்த பழைய பை! நம் ஊரிலும் ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம்கூடக் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பதிவு செய்தவன் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு டெலிவரி எடுத்தான். அந்தப் பத்து வருஷமும் அவன் தெருவில் ஸ்கூட்டர்காரன்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், எங்கள் எல்லோருக்கும் எடுத்து முடித்த பிறகு அம்மா பட்டுப் பிரிவுக்கு ஒரு நடை போவார். அரக்கு நிறம், மாம்பழ பார்டர், காஞ்சிபுரம். கடைக்காரர் விரித்துப் போடுவார். அம்மா தோளில் சார்த்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். முந்தானையைத் திருப்பி ஜரிகையை விரலால் தடவிப் பார்ப்பார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று அவரே மடித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு நூல் புடவை எடுத்துக்கொள்வார். சில வருஷம் போனபின், கேட்காமலே அந்த நிறத்தை எடுத்துப் போட ஆரம்பித்தார் கடைக்காரர்.

வேலைக்குப் போனதும் நான் அதே அரக்கு, அதே மாம்பழத்தில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா முதலில் கேட்டது, “பில்லு வச்சிருக்கியா? மாத்திக்குவாங்கல்ல?” பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தப் பீரோ பூட்டியே இருந்தது. என் தங்கை கல்யாணத்தில்தான் அதைக் கட்டினார். பெண்ணை அனுப்பி வைக்கும்போது அழுத அழுகையில் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜரிகை குத்தியிருக்கும். அவருக்குத் தெரியவே இல்லை.

எதிரணியில் அவசர அவசரமாகக் குறிப்பு எடுக்கிறார்கள். ‘வாங்கிய பிறகுதானே அம்மா கட்டினார்கள், அப்படியானால் பாயிண்ட் எங்களுக்கு’ என்று எழுதுகிறீர்கள், தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. என் அம்மா புடவையை வைத்து உங்களோடு நான் வாதாட மாட்டேன். வாட்சை வைத்து வாருங்கள், மாமா புல்லட்டை வைத்து வாருங்கள், விடிய விடியப் பேசுகிறேன். பச்சைப் புடவை அக்கா, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஐயா, மணியை அடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.