நூலின் எந்த முனையை இழுப்பது

வணக்கம் நேயர்களே. கணினி பற்றிக் கதைக்க வாருங்கள் என்று கூப்பிட்டபோது செயற்கை நுண்ணறிவைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டு வந்தேன், நல்லகாலம், உங்களுக்குப் பிடித்ததைக் கதையுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அன்டூ. கொன்ட்ரோல் விசையோடு இசட்டை அமத்தினால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போகுமே, அது. போனில் மட்டும் எழுதுகிறவர்கள் சில செயலிகளில் மேலே இடப்பக்கம் வளைந்த அம்புக்குறி ஒன்றைக் கண்டிருப்பீர்கள், அதே சங்கதிதான். வலப்பக்கம் வளைந்தது ரீடூ, இல்லாமல் செய்ததைத் திரும்பக் கொண்டுவருவது.

நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் எனக்கென்று ஒரு சின்னத் தமிழ் எழுதி, அதாவது கணினியில் தமிழ் அடித்துத் திருத்துகிற செயலி ஒன்று செய்து, எட்டு வருடமாக அதையே கிண்டிக்கொண்டிருக்கிறேன். அதில் நான் ஆகக் கூடுதலாக அடி வாங்கிய இடம் இந்த அன்டூதான்.

இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு நெல் மில் வேண்டும். சின்ன வயதில் பரந்தனுக்கும் முரசுமோட்டைக்கும் இடையில் ஒரு மில்லுக்குப் பக்கத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். மெசினில் வாய் தைத்த மூட்டைகள் லொறியில் வரும், ஒரு பெரியவர் இருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பிரிப்பது என்றால் கத்தி எடுக்கமாட்டார், நூலின் ஒரு முனையைப் பிடித்துச் சின்னதாக ஒரு இழுவை, அவ்வளவுதான், சர்ரென்று சாக்கின் வாய் முழுவதும் திறந்துவிடும். எனக்கு அது மந்திரம் மாதிரி. ஒரு நாள் அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நான் ஒரு மூட்டையில் கை வைத்தேன். நூலை இழுத்தால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், இறுகிப்போய்விட்டது. கத்தியை எடுத்து வெட்ட, சாக்கும் சேர்ந்து கிழிந்து நெல் நிலத்தில் கொட்டுண்டது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு ஏசவில்லை, பக்கத்து மூட்டையைக் காட்டி, “தைச்சவன் எங்கை நிப்பாட்டினவனோ அங்கை பிடியடா. துடங்கின பக்கத்தாலை இழுத்தா ஒருநாளும் வராது” என்றார்.

அந்தத் தையல் சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் அதற்கு முந்திய கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கண்ணியை மட்டும் பிடிக்க யாரும் இல்லை, அதனால் அங்கே இழுத்தால் ஒன்றின் பின் ஒன்றாகக் கழரும். வீட்டில் 25 கிலோ அரிசிப் பை வாங்கினால் இழுத்துப் பாருங்கள். அன்டூவும் இதேதான், கடைசியாகச் செய்தது முதலில் கழர வேண்டும்.

ஏன் அப்படி? இடையில் ஒன்றை மட்டும் கழட்டினால் என்ன? நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை எழுதினேன். “நேற்று இரணைமடு குளம் நிரம்பியது” என்று அடித்திருக்கிறீர்கள். பிறகு மடுவுக்குப் பக்கத்தில் ஒரு க் போட்டு “இரணைமடுக் குளம்” ஆக்குகிறீர்கள். பிறகு முன்னால் இருந்த “நேற்று” வேண்டாம் என்று அதை இடைவெளியோடு அழிக்கிறீர்கள். இரண்டு வேலை. எழுதி தன் குறிப்புக் கொப்பியில் முதல் வேலைக்கு என்ன குறித்துவைக்கும்? “14 குறி தள்ளி இரண்டு குறி போட்டேன்” என்று. கணினிக்குக் க் என்பது க ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. இப்போது “நேற்று” போனதைக் கவனிக்காமல் அந்த க்-ஐ மட்டும் எடு என்றால், அது போய் 14 குறி தள்ளி இரண்டை எடுக்கும். ஆனால் முன்னால் ஏழு குறி போய்விட்டதே! அது எடுப்பது “குளம்” என்பதன் கடைசிப் புள்ளியையும் அதற்கடுத்த இடைவெளியையும். திரையில் “இரணைமடுக் குளமநிரம்பியது” என்று நிற்கும். க் இருந்த இடத்திலேயே இருக்கும். கத்தியால் வெட்டிய சாக்கு.

கொப்பி என்றேனே, அதில் என்ன குறிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். எழுத்தைச் சேர்த்தால் இடமும் எண்ணிக்கையும் இருந்தால் கழட்டலாம், ரீடூ வேண்டும் என்றால்தான் எழுத்தும் வேண்டும். அழித்தால் அப்படியில்லை, அழித்த எழுத்தையே எடுத்துவைக்க வேண்டும், அதுவும் அழிக்க முதல். பிள்ளைகள் சுகமான வழி ஒன்று சொல்வார்கள்: “சேர், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டுரையையும் கொப்பி எடுத்து வச்சா என்ன?” வைக்கலாம். ஒரு லட்சம் குறி உள்ள கட்டுரை என்றால், யூனிகோடை வழமையாகச் சேமிக்கிற முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், அப்படி 1000 திருத்தம் செய்தால் 30 கோடி பைட் ஆகிவிடும். ஒரு கமாவைத் திருத்த முழுப் புத்தகத்தையும் போட்டோக்கொப்பி அடிக்கிற மாதிரி.

தமிழுக்கு இன்னொரு கரைச்சல் இருக்கிறது. ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்து விசைகளால் தமிழ் அடிக்கிறவர்கள் கே-யை அமத்தினால் க் வரும், பிறகு ஓ-வை அமத்தினால் அந்தப் புள்ளி போய் கொ வரும். ஆளுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு அழிப்பும் ஒரு சேர்ப்பும் நடந்திருக்கிறது. இதை அப்படியே கொப்பியில் தனித்தனியாக எழுதினால், அன்டூ அமத்தும்போது வெறும் க வரும், இன்னொரு முறை அமத்தினால் க் வரும். ஒரு பிள்ளை, “சேர், நான் அடிக்காத எழுத்தெல்லாம் வருது” என்று கூப்பிட்டாள். அவள் சொன்னது சரி. இப்போது என் எழுதி, இடைவெளி விசையை அமத்தும் வரைக்கும் அல்லது கை கொஞ்சம் ஓயும் வரைக்கும் அடித்ததை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். சில வருடத்துக்கு முதல் ஒரு கோயில் பொங்கல் மலருக்கு நான்தான் ஒப்பு நோக்கினேன். ஒரு கட்டுரையின் பழைய வடிவத்தில் ஒரு பெயர் எப்படி இருந்தது என்று பார்க்க, அன்டூவை நாற்பது தடவை போல அமத்திப் பின்னுக்குப் போனேன். பெயரைப் பார்த்தாயிற்று, இனி ரீடூவால் முன்னுக்கு வர வேண்டியதுதான். அந்த நேரம் காலில் ஒரு நுளம்பு. அடித்துவிட்டு வந்த கை இடைவெளி விசையில் பட்டது. ரீடூ அம்புக்குறி மங்கிப்போனது. இரண்டு மணித்தியால வேலை, ஒரு நுளம்பு!

பெரும்பாலான எழுதிகள் இப்படித்தான். பின்னுக்குப் போய்ப் புதிதாக ஒரு எழுத்து அடித்தால் ரீடூவுக்கென்று வைத்திருந்ததைத் தூக்கி எறிந்துவிடும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை, அந்தக் குறிப்புகள் எல்லாம் பழைய எழுத்துக்கு எழுதியவை, இடம் மாறினால் குளமநிரம்பியது கதைதான். ஆனால் எறியத்தான் வேண்டுமா? 2006இல் வந்த விம் 7 என்ற எழுதி எறியவில்லை, பழையதை ஒரு கிளையாக வைத்துக்கொண்டு புதியதை இன்னொரு கிளையாக வளர்த்தது, எந்தக் கிளைக்கும் திரும்பிப் போகலாம். ஈமாக்ஸ் என்ற இன்னொரு எழுதி அன்டூவையே ஒரு வேலையாகக் கொப்பியில் எழுதிவைக்கும், அதால் அன்டூவையும் அன்டூ செய்யலாம். ஆனால் விண்டோஸ் நோட்பேட் மிக நீண்ட காலம் ஒரே ஒரு படிதான் பின்னுக்குப் போனது, இரண்டாம் முறை அமத்தினால் திரும்பி வந்துவிடும். 1974இல் சீரொக்ஸ் ஆய்வுகூடத்துப் பிராவோ என்ற எழுதியிலேயே அன்டூ இருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு நுளம்பைத் தாங்காவிட்டால் எனக்குக் கோபம் வராதா?

கண்ணாடிக்கு அங்கால விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். இரண்டு பேர் ஒரே கட்டுரையை ஒரே நேரம் எழுதினால் அன்டூ யாருடையதைக் கழட்ட வேண்டும் என்பதைத்தான் இன்றைக்கு முக்கியமாகக் கதைக்க எழுதிக்கொண்டு வந்தேன். கூகுள் டொக்ஸில் நீங்கள் அமத்தினால் நீங்கள் செய்தது மட்டும் போகும், மற்றவர் செய்தது நிற்கும். அப்படியென்றால் நடுக் கண்ணியைக் கழட்டுகிறார்கள்தானே, சாக்கு கிழியாமல். மற்றவர் சேர்த்ததற்கும் அழித்ததற்கும் ஏற்றபடி இடக் கணக்கை ஒவ்வொரு தடவையும் திருத்தித்தான் அதைச் செய்கிறார்கள். அது தனியாக ஒரு அரை மணித்தியாலக் கதை, கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.