கேஸ் பேப்பரில் ஒரு கட்டம்

(மும்பை தாராவியில், தமிழ்ச் சுகாதாரத் தொண்டர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாராவியின் சகோதரிகளே, சகோதரர்களே, வணக்கம்.

மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்த ஒரு திருநங்கையைச் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கேஸ் பேப்பர் என்னும் நோயாளிப் பதிவுச் சீட்டு போடும் ஜன்னலில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, 'ஆண்' என்று எழுதினார். அடையாள அட்டையிலிருந்த பழைய பெயரை வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிட்டார். "வாருங்கள் அக்கா, போய்விடலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் வெளியே வந்துவிட்டார். சளிப் பரிசோதனை நடக்கவில்லை. அவரை மறுபடி அந்தப் படியேற வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பத்துக்குப் பத்து அறையில், அத்தனை இரவும் அவரோடு நான்கு பேர் படுத்திருந்தார்கள். அது காசநோய்.

2012 முதல் காசநோயைத் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பதிவுகள் சேரும் நிக்‌ஷய் தளத்தில் திருநர்க்கும் ஓர் இடம் உண்டு. தன் பாலினம் எது என்று சொல்வது அவரவர் உரிமை என 2014-இல் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டம் இருக்கிறது, கேட்க ஆளில்லை. முகத்தைப் பார்த்து ஊகித்து எழுதினால், திருநங்கையரிடம் இந்த நோய் குறைவு என்றே கணக்கு சொல்லும். கணக்கில் இல்லாதவரைத் தேடி எந்த முகாம் வரப்போகிறது?

பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தார்மேல் ஈர்ப்பு என்பதை, கேட்பது இதைவிடக் கடினம். 2018 செப்டம்பர் 6 வரை, அதற்கு உண்மையான பதிலைச் சொல்வது ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின்கீழ் மாட்டிக்கொள்ளும் பயத்தோடுதான். அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாளே அந்தப் பயம் போய்விடுமா? ஆனாலும் கேட்க வேண்டும் என்றே சொல்கிறேன். 2022-இல் பிரிட்டனில் குரங்கம்மை பரவியபோது நோயாளிகளிடம் இதைக் கேட்டறிந்தார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது மிகுதி என்று தெரிந்தது. அவர்களில் ஆபத்து அதிகமுள்ளோருக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. கலிபோர்னியா 2020-லேயே தொற்றுநோய் அறிக்கைகளில் இவ்விவரங்களைச் சேர்க்கச் சட்டம் இயற்றியது.

அதே கணக்கு ஏச்சாகவும் மாறும். 'அவர்கள் கொண்டுவந்த நோய்' என்ற பேச்சை எச்ஐவி காலத்தில் இந்தச் சந்துகளிலேயே கேட்டவள் நான். எச்ஐவி நிலையை ரகசியமாகக் காக்க 2017-இல் தனிச் சட்டம் வந்தது. பாலீர்ப்புப் பதிவுக்கும் அப்படியொரு காவல் வேண்டும். அது இல்லாமல் யாரையும் வாய்திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

'வேறு மாதிரி' தெரிகிறவரை மட்டும் கேட்பது அவமானம். என்னையும் கேளுங்கள், என் பேரனையும் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலில் வேண்டாம்; திரை போட்ட ஒரு மூலை போதும். இதை மாநகராட்சிக்கு மனுவாக எழுதி வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.