யாருடைய முழங்கால்?

(வெள்ளப் பாதிப்புக் கணக்கெடுப்புக்குக் கிளம்பும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவ நண்பர்களே, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் சென்னையில் எல்லார் வாயிலும் ஓர் அளவு வரும்: "எங்க தெருவுல முழங்கால் தண்ணி." சரி, யாருடைய முழங்கால்? எனக்கு முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய இடுப்பு வரை வந்துவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கோ அது கட்டிலை முட்டிக்கொண்டு நிற்கும்.

தமிழ்நாட்டில் வெள்ளம் பாதிக்கக்கூடிய இடங்கள் என்று 4,133 இடங்களை அரசு அடையாளம் கண்டிருக்கிறது. 5 அடிக்கு மேல் தண்ணீர் நின்றால் மிக அதிகப் பாதிப்பு, 3 முதல் 5 அடி என்றால் அதிகம், 2 முதல் 3 அடி மிதம், அதற்கும் கீழே என்றால் குறைவு. படகை எங்கே நிறுத்துவது, ஆட்களை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க இந்தப் பட்டியல் வேண்டும்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது தண்ணீரை அளந்த கணக்கு. வீட்டுக்குள் இருப்பவர்களை இன்னும் யாரும் அளக்கவில்லை.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று சொல்லி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்துக்குள்ளிருந்து எத்தனையோ குடும்பங்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்தில்! தென்சென்னைத் தண்ணீர் பெருமளவு வடிந்து வந்து சேர்கிற இடம் அது. எட்டு மாடிக் கட்டடங்கள். ஆறாவது மாடி வீட்டுக்குள் வெள்ளம் ஒரு சொட்டு வராது. உங்கள் படிவத்தில் 'பாதிப்பு இல்லை' என்று டிக் அடித்துவிடலாம். ஆனால் கரன்ட் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் ஓடாது. நிறைமாதக் கர்ப்பிணி அத்தனை படியும் இறங்கி, கீழே நிற்கும் சாக்கடைத் தண்ணீரில் நடந்து ஆட்டோ தேட வேண்டும். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

நானும் இதில் ஏமாந்தவன்தான். பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு படிவத்தோடு போனேன். "வீடு கான்கிரீட்டா, ஓலையா?" என்று கேட்டேன். கான்கிரீட் என்றதும் 'பாதுகாப்பானது' என்று குறித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மா கூப்பிட்டு நிறுத்தினார். "மழை பெய்ஞ்சா கக்கூஸ் கோப்பை வழியாத்தான் தம்பி தண்ணி உள்ள வருது. அதுக்குக் கட்டம் இல்லையா?" இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்ததே நான்தான்.

தண்ணீர் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் விளைவு வேறு என்பதைப் பங்களாதேஷ் மாதிரி காட்டிய நாடு வேறில்லை. 1970-இல் போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கியது; கிராமத்துத் தொண்டர்களே மெகாபோனில் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனாலும் 1991 புயலில் 1,38,000 பேர் போனார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். வீட்டு ஆம்பிளை சொல்லாமல் எப்படிக் கிளம்புவது என்று பலர் காத்திருந்தார்கள். புகலிடத்துக்குப் போனால் அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து இருக்க வேண்டுமே என்ற தயக்கம் வேறு. புயல் எச்சரிக்கை ரேடியோவில் வந்தது. இந்தத் தயக்கத்தை யாரும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பிறகு புகலிடங்கள் பெருகின, தொண்டர்களில் பெண்கள் சேர்ந்தார்கள். 2007-இல் சித்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் லேசான புயல் இல்லை.

அதனால் தெருவுக்குள் போனதும் படிவத்தைப் பைக்குள் வையுங்கள். முதலில் நடங்கள். அப்புறம் கோலப்பொடியைக் கொடுத்து, தெருவைத் தரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறார்கள், எந்த வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறார் என்று பெண்கள் கூடி நின்று போடுவார்கள். நடுவில் சண்டையும் வரும். "அந்தக் கால்வாயைத்தான் மூடிட்டாங்களே" என்று ஒருத்தர் பொடியை அழிப்பார். அழித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் வரைபடத்தில் அந்தக் கால்வாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

வாடகைக்கு இருக்கும் வடமாநிலப் பையன்களை விட்டுவிடாதீர்கள். மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பகலில் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை போங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக ஒன்று கேளுங்கள்: "நடுராத்திரி தண்ணி வந்தா முதல்ல யாருக்கு போன் பண்ணுவீங்க?" சிலர் உடனே பெயர் சொல்வார்கள். சிலர் யோசிப்பார்கள். யோசித்தும் சொல்ல முடியாதவர்களின் கதவு எண்ணைத் தனித்தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். கோலப்பொடி நான் வாங்கி வருகிறேன்.