அத்தை சாளைக்குக் கேமரா மாட்டியாச்சு, காவலுக்கு யார் வருவது?

வணக்கமுங்க. இன்றைக்கு வீடியோவில் மாடு இல்லை, கொப்பரை விலையும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை அரசியல் பேசியதும் "அண்ணா, கிடாரியைக் காட்டுங்க, டெல்லியை விடுங்க" என்று பாதிப் பேர் எழுதிவிட்டீர்கள். கிடாரி நன்றாக இருக்கிறது. பின்னால் சோளத்தட்டு தின்றுகொண்டு நிற்கிறது பாருங்கள், போதும். இன்றைக்குப் பேச்சு முழுக்கக் கேமரா. இந்தக் கேமரா இல்லை, என் அத்தை சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் மாட்டியிருக்கிற காவல் கேமரா. அதை மாட்டி முடிப்பதற்குள் எனக்கு அரசாங்கத்தின் மேல், கோர்ட்டின் மேல், சீனாவின் மேல், அமெரிக்காவின் மேல் என்று வரிசையாகக் கோபம் வந்துவிட்டது.

அத்தையை உங்களுக்குத் தெரியும். கம்மஞ்சோறு வீடியோவில் என்னை வறுத்தெடுத்தாரே, அவர்தான். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். தார் ரோட்டில் இருந்து இட்டேரியில், அதாவது வேலிக்கு நடுவில் போகிற மண் தடத்தில், அரைக் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. கத்தினாலும் பக்கத்துச் சாளைக்குக் கேட்காது. மகள் ஈரோட்டில், மகன் பெங்களூரில். "கிளம்பி வந்துருங்க அத்தை" என்றால், "ஏஞ்சாமி, எருமைக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்கிறார். அதற்கு எங்கள் சொந்தத்தில் யாரிடமும் பதில் இல்லை.

எதற்கு இந்தப் பயம் என்று சென்னைப் பக்கம் இருந்து பார்க்கிறவர்கள் கேட்கலாம். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி. சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களுக்கும் பல்லடம் கொலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று போலீஸே சொன்னார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், இடையில் ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. முதல் வழக்கில் ஆளைப் பிடித்திருந்தால் இரண்டாவது வீட்டில் இன்றைக்கும் அடுப்பு எரிந்திருக்கும். எனக்கு அரசியல் என்றால் முதலில் இதுதான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வர வேண்டும். அதைச் செய்துவிட்டு அரசாங்கம் மற்றதுக்கு வரட்டும்.

சரி, கேமரா. கம்பி இழுக்க முடியாது, வைஃபை கிடையாது, அதனால் சிம் போடுகிற சோலார் கேமரா. கடைக்காரர் முதலில் 3,200 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எங்கே செய்தது என்று ஒரு வரி கிடையாது. "சைனாவா?" என்றால் "எல்லாமே சைனாதாங்க" என்கிறார். எல்லாமே சைனாவாக இருக்கட்டும், என் அத்தை வீட்டு வாசல் ஏன் சைனாவுக்குத் தெரிய வேண்டும்? 2020 ஜூனில் லடாக் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேரைப் பறிகொடுத்தோம். அதற்கப்புறம் டிக்டாக்கைத் தடை செய்தோம், கை தட்டினோம். இந்தப் பக்கம் வாசலுக்கு வாசல் அவர்கள் கண்ணையே மாட்டிக்கொண்டிருந்தோம். 2025 ஏப்ரலில் இருந்துதான் கேமராக்களை அரசு ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருக்கிற மென்பொருள் வரைக்கும் பார்க்கிறார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். விலை ஏறிவிட்டது என்று வியாபாரிகள் அழுதார்கள். ஏறட்டும். நான் சான்று உள்ள கேமராதான் வேண்டும் என்று நின்றேன். 5,900 சொன்னார், 5,300க்கு முடித்தேன்.

முடித்தேன் என்றா சொன்னேன்? அங்கேதான் ஆரம்பம். மாட்ட வருகிற பையன் கம்பத்துக்கு மட்டும் 1,800 கேட்டான். பத்தடி இரும்புக் குழாய்க்கு 1,800! போர்வெல் வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், தண்ணீர் வராத அந்தக் குழியில் இருந்து உருவிப்போட்ட ஜி.ஐ. பைப் களத்து ஓரம் கிடந்தது. எதற்கும் ஆகாது என்று என் மனைவி பழைய இரும்புக்குப் போடச் சொன்ன பைப். அதில் ஒன்றை எடுத்து, அடியில் காங்கிரீட் போட்டு, பிடிமானத்துக்குப் பட்டறையில் ஒரு பட்டை வெல்டிங் வைத்து, எல்லாம் சேர்த்து 240 ரூபாய். 1,560 ரூபாய் மிச்சம். அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன், அதையும் கணக்கில் சேர்த்தால் 1,530 மிச்சம்.

அப்புறம் மயில். கேமரா அசைவைக் கண்டால் போனில் மணி அடிக்கும். விடிவதற்குள் மயில் கூட்டம் களத்தில் இறங்கும். மணி. அத்தை நாய் மயிலைத் துரத்தும். மணி. எருமை வாலை ஆட்டும். மணி. பெங்களூரில் இருக்கிற மச்சானுக்கும் அதே மணி, அவன் பயந்து எனக்குப் போன் அடிப்பான். மயிலை ஒன்றும் செய்யவும் முடியாது, தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். தக்காளி நாற்றைக் கொத்துகிறபோதும் கும்பிட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். கடைசியில் ஆள் உருவத்துக்கு மட்டும் மணி அடிக்கிற மாதிரி ஒரு செட்டிங் இருந்தது, அதைப் போட்ட பிறகு வீடு அமைதி. அந்த செட்டிங் எங்கே என்று யாராவது கேட்டால் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், அவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கேமராவோடு சேர்த்து, ரோந்து வருகிற போலீஸ்காரர் கையெழுத்துப் போடும் புத்தகம் ஒன்றும் சாளையில் வைக்கக் கேட்டிருந்தோம். வைத்தார்கள். முதலில் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. இப்போது வெள்ளைத் தாள் அதிகம். ரோந்து வருகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர், ஒரு பைக், எத்தனை இட்டேரி? கோயில் நோம்பிக்கும் அவர், அமைச்சர் வந்தாலும் அவர். ஆளைச் சேர்க்காமல் கேமரா மாட்டுங்க, கேமரா மாட்டுங்க என்று எங்களிடம் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேமரா வந்தவனைக் காட்டும். தடுக்கிறதுக்கு ஆள் வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. 1860இல் வந்த பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் இது. பெயரைப் பற்றிச் சண்டை போட்டார்கள், உள்ளே இருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. 304ஆவது பிரிவில் பறிப்பை முதல் முறையாகத் தனிக் குற்றமாக்கினார்கள். நல்லது. ஆனால் தண்டனை மூன்று வருடம் வரைதான். பைக்கில் வந்து தாலிக்கொடியை இழுத்துக் கீழே தள்ளுகிறவனைச் சில நேரம் கொள்ளைப் பிரிவிலும் போடலாம், பத்து வருடம் வரைக்கும் போகும். எந்தப் பிரிவு என்பதை வழக்கு எழுதுகிறவர் முடிவு செய்கிறார். ஐந்து பவுன் கொடி அறுந்தாலும் கழுத்து அறுபட்டாலும் ஒரு குடும்பத்துக்கு அது வாழ்நாள் பயம். மூன்று வருடம் எனக்குப் போதவில்லை.

அதைவிட நாள்தான் என் பிரச்சினை. பொள்ளாச்சி பாலியல் வழக்கு வெளியே வந்தது 2019இல். தீர்ப்பு 2025 மே 13. ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 லட்சம் இழப்பீடு. தீர்ப்பைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆறு வருடம் அந்தப் பெண்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அதே வருடம் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வழக்கு. 2024 டிசம்பரில் குற்றம், 2025 ஜூன் 2ஆம் தேதி தண்டனை, குறைந்தது 30 வருடம் உள்ளே. ஆக, நினைத்தால் முடிகிறது. பத்திரிகையில் பெரிதாக வந்தால் ஆறு மாதம், வராவிட்டால் ஆறு வருடம் என்றால் எப்படி? இதற்கு நடுவில் குண்டர் சட்டத்தில், விசாரணை முடியாமலே ஒரு வருடம் உள்ளே போடுவது. 1982இல் வந்த சட்டம். நான் அதற்கு எதிரி இல்லை, சில பேரை உள்ளே வைத்தால்தான் ஊர் தூங்கும். ஆனால் விசாரணையை முடிக்கத் துப்பில்லாமல் அதைக் குறுக்கு வழியாகப் பிடித்துக்கொண்டால், ஹைகோர்ட் ரத்து செய்துவிடுகிறது, அவன் மாலையோடு வெளியே வருகிறான்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அப்புச்சி (அம்மாவின் அப்பா) காலத்து ஒற்றைக்குழல், உரிமம் இருக்கிறது, ஆமாம். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், நானும் ஒப்படைத்தேன், ரசீது வாங்கினேன். தனித் தோட்டத்துக்காரனின் உரிமத் துப்பாக்கியையும் கட்சிக்காரன் துப்பாக்கியையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்றிக்கும் திருடனுக்கும் தேர்தல் நடத்தை விதி கிடையாது. தற்காப்பு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, புதுச் சட்டத்தில் 34 முதல் 44 வரை படித்துப் பாருங்கள். ஆனால் தேவைக்கு மேல் அடிக்க உரிமை இல்லை என்றும் அங்கேயே போட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் "சுட்டுத் தள்ளலாம்" என்று அனுப்புகிற சித்தப்பாக்கள் அந்த வரியையும் சேர்த்து அனுப்பட்டும்.

பணம் எங்கே என்பார்கள். 2026 மார்ச்சில் மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டும் என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். டாஸ்மாக்கில் 2024-25இல் 48,000 கோடி வந்தது என்று பெருமையாகக் கணக்குக் காட்டினார்கள். குடித்துவிட்டு நடக்கிற வெட்டுக்குத்துக்கு ஆகிற செலவை யார் கணக்குக் காட்டுவது? பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், இலவச பஸ் எல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அத்தையே அந்த பஸ்ஸில்தான் சந்தைக்குப் போகிறார். வரிசை மாறிப்போயிருக்கிறது என்கிறேன். முதலில் காவல், அப்புறம் கோர்ட், அப்புறம் மற்றது.

"உனக்கு மட்டும் இலவச மின்சாரமா?" என்று வழக்கம்போல் கேட்பீர்கள். அதை இலவசம் என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1970 ஜூனில், மின் கட்டணம் ஏற்றியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள் வழியாக வந்தது அது. இதில் நான் நியாயமாகப் பேசவில்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், என் மோட்டார் ஓடட்டும்.

வெளிநாடு பாக்கி இருக்கிறது. காஷ்மீர் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றதற்கு 2025 மே 7ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூரில் நம் படை பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடங்களில் அடித்தது. சரியான பதில். 1998இல் கோவையில் குண்டு வெடித்த பிப்ரவரி 14ஐப் பார்த்த ஊர்க்காரனுக்கு, பயங்கரவாதத்தை மென்மையாகப் பேசினால் பொறுக்காது. நாலே நாளில் சண்டை நின்றதும் அமெரிக்க அதிபர் நான்தான் நிறுத்தினேன் என்று கிளம்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதே ஆள் ஆகஸ்டில் நம் சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டார், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாக 27ஆம் தேதி முதல் இன்னொரு 25. நம்மைவிட அதிகம் வாங்குகிற சீனாவுக்கு அந்த எண்ணெய் அபராதம் போடவில்லை. பின்னால் நடந்த பேரமெல்லாம் தனிக்கதை, அந்த மாதம் திருப்பூர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பனியன் கம்பெனி வைத்திருக்கிற என் பங்காளி ஆர்டரை நிறுத்திவை என்று வந்த மெயிலைக் காட்டினான். தைத்து, பெட்டி போட்டு, அமெரிக்க லேபிள் ஒட்டிய சரக்கு குடோனில் கிடந்தது. வருடத்துக்கு 40,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் அது.

ஆனாலும் டெல்லி குனியக் கூடாது என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், பங்காளி என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. யாரிடம் எண்ணெய் வாங்குவது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்தது நம் தவறு என்று பேசிக்கொண்டே, அதற்கு முந்தின ஜூலையிலேயே பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்ததைப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. அதுதான் சரியான வழி, கடைகளைப் பெருக்குவது. டெல்லியை ஒரு விஷயத்தில் திட்டுவேன். அமெரிக்க வரிக்கு மருந்து என்று சொல்லி, வெளிநாட்டுப் பருத்தி மேல் இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் எடுத்தார்கள், டிசம்பர் வரைக்கும் நீட்டினார்கள். மில்லுக்கு லாபம். அவினாசி ஏலத்துக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப் போகிறவனுக்கு? நாட்டுப்பற்று பேசுகிறவர்கள் முதலில் உள்ளூர்க் காட்டைப் பார்க்க வேண்டும்.

வடக்கே இருந்து வந்து வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு திருட்டுக்கும் "அவர்களாகத்தான் இருக்கும்" என்று எழுதாதீர்கள். 2023 மார்ச்சில், இங்கே அவர்களை அடிக்கிறார்கள் என்று வந்த பொய் வீடியோவை நம்பி அவர்கள் ஊருக்கு ரயில் ஏறியபோது திருப்பூர் எப்படிக் காலியானது என்று பங்காளியைக் கேளுங்கள். முகவரி, அடையாள அட்டை எல்லாம் பதிவு செய்யுங்கள், வாடகைக்கு விடுகிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள். அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம்.

அடுத்த குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் போகிறேன். ரோந்துக்கு ஆள், தேர்தல் நேரத்தில் தோட்டத்துக்காரர்களின் துப்பாக்கிக்கு விலக்கு, இரண்டு மனு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் வருவதாக இருந்தால் ஆதார் நகல், பட்டா நகல் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் டோக்கன் தர மாட்டார்கள்.